கண்காட்சியில் காட்டிய கடல் ரோபோவுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

“பிள்ளைகள் செய்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இனி எங்கே பேட்டன்ட் எடுப்பது?” என்று பெற்றோர் சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் அப்படி விட்டுவிடத் தேவையில்லை. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் இங்கே காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல், பொறியியல் கண்காட்சியில் வைத்த சுவரொட்டி, பள்ளியின் ஃபேஸ்புக் படம், யூடியூப் வீடியோ எல்லாமே வெளியீடுதான். இந்தச் சலுகைக்காலம் 2017 அக்டோபர் 30 முதல் இப்படி விரிவாக்கப்பட்டது. அதற்கு முன்பு மிகச் சில வகை வெளியீடுகளுக்கு மட்டுமே விலக்கு இருந்தது.

ஆனால் இது உங்கள் வெளியீட்டுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. இடையில் வேறொருவர் தாமாகவே அதே யோசனைக்கு வந்து வெளியிட்டுவிட்டால் இது காப்பாற்றாது. அப்புறம், வெளிநாடுகள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவிலோ, கண்காட்சியில் நீங்களே காட்டிவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஆகவே என் யோசனை, முதலில் விண்ணப்பம், பிறகு சுவரொட்டி.

அதற்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதில்லை. காப்புரிமை வேண்டும் என்ற கோரிக்கை, விண்ணப்பிப்பவர் யார் என்ற விவரம், கண்டுபிடிப்பைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றை சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் கொடுத்தால் தாக்கல் தேதி கிடைத்துவிடும். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதியைப் பிறகு 12 மாதத்துக்குள் சேர்க்கலாம். ஆனால் முதல் விளக்கத்தில் இல்லாத புது விஷயத்தை அதே விண்ணப்பத்தில் நுழைக்க முடியாது. அதனால் வரைபடம், அளவு, பொருள் எல்லாவற்றையும் முதலிலேயே தாராளமாக எழுதிவிடுங்கள்.

சரி, இயற்கையைப் பார்த்துச் செய்ததற்கு உரிமை கேட்க முடியுமா? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2017இல் அறிமுகப்படுத்திய மான்டாட்ராய்டை எடுத்துக்கொள்வோம். ஆனைத்திருக்கையைப் போல நீந்தும் ரோபோ அது. (நாம் சம்பல் தடவி வாழையிலையில் சுட்டுச் சாப்பிடும் திருக்கைக்கு உறவுதான்.) துடுப்பு ஒன்றுக்கு ஒரு மோட்டார் மட்டும். மற்ற வளைவு நெளிவையெல்லாம் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் தகடே தண்ணீரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறது. அந்தத் தகட்டின் வடிவத்தை முடிவுசெய்ய 40 துடுப்பு வடிவங்களைச் சோதித்தார்கள். திருக்கை எப்படி நீந்துகிறது என்பது யாருக்கும் சொந்தமில்லை, அதைக் கண்டறிந்து சொன்னாலும் காப்புரிமை கிடையாது. அந்த அசைவை ஓர் இயந்திரத்தில் வரவழைக்கும் வழிக்குத்தான் உரிமை கேட்க முடியும். அந்த வழி புதிதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாகவும் தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இன்று இன்னொரு திருக்கை ரோபோ செய்யும் மாணவர், 2017இல் வெளியானதிலிருந்து தம்முடையது எங்கே மாறுபடுகிறது என்று காட்டியாக வேண்டும்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வசிப்பவர், காப்புரிமைப் பதிவாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் முதல் விண்ணப்பத்தை வெளிநாட்டில் கொடுக்கக் கூடாது. அனுமதி வாங்காவிட்டால், இங்கே கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். காரணம் தேசியப் பாதுகாப்பு. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். நீருக்கடியில் சத்தமில்லாமல் போகும் கருவி என்றால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் பார்த்த வெளிநாட்டு முகவரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

உரிமை யாருக்கு? சட்டப்படி முதலில் கண்டுபிடித்தவருக்கே. ஊழியர் தம் வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தால்தான் முதலாளிக்குப் போகும். பள்ளி மாணவர் யாருடைய ஊழியரும் இல்லை. ஆனால் விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ வழிகாட்டியின்கீழ் வேலை செய்தால், சேரும்போது கையெழுத்திட்ட படிவத்தில் உரிமையை அந்த அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு வரி இருக்கலாம். பெற்றோர் கையெழுத்துக்காக அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது, அறிவுசார் சொத்து என்ற தலைப்பின்கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கையெழுத்திடுவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். குழுவாகச் செய்திருந்தால், உண்மையில் யோசனை கொடுத்தவர்களின் பெயர்கள் எல்லாம் விண்ணப்பத்தில் வர வேண்டும். வெறுமனே ஒட்டியும் திருகாணி முடுக்கியும் உதவியவர் சட்டத்தின் பார்வையில் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார்.