கலோரிக்குள் ஒளிந்திருக்கும் ஆயிரம்

பிஸ்கட் பாக்கெட்டில் '100 கிராமுக்கு 488 கிலோ கலோரி' என்று போட்டிருக்கிறது, நாளொன்றுக்கு 2000 கலோரி போதும் என்கிறார்களே, அப்படியானால் 100 கிராம் பாக்கெட் ஒன்று (4,88,000 கலோரி) எட்டு மாதத்துக்குத் தாங்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கணக்கில் பிழையில்லை. குழப்பம் பெயரில் இருக்கிறது.

லத்தீனில் 'கலோர்' என்றால் வெப்பம். பாரிஸில் தொழில்துறை வேதியியல் கற்பித்த நிக்கோலா கிளெமான், 1824 வாக்கில் நீராவி எஞ்சின் பாடத்துக்காகக் 'கலோரி'யைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: 1 கிலோ நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கும் வெப்பம். பிறகு வந்தவர்கள் அதே பெயரை 1 கிராம் நீருக்கு வைத்துவிட்டார்கள். இரண்டையும் பிரித்துக்காட்ட, பெரியதைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதலாம் என்றார் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ. உணவுக்கு இந்தப் பெரிய கலோரியையே அமெரிக்க வேதியியலாளர் ஆட்வாட்டர் எடுத்துக்கொண்டார். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. அந்த ஆயிரம் மடங்கு சத்தமில்லாமல் விழுந்துபோயிற்று. உணவுப் பேச்சில் கலோரி என்றால் கிலோ கலோரிதான். சின்னக் கலோரியில் 2000 என்பது அரை கிராம் சர்க்கரை!

சரி, உணவில் இருக்கும் வெப்பத்தை எப்படி அளக்கிறார்கள்? எரித்துத்தான். கருவியின் பெயர் பாம்ப் கலோரிமீட்டர். தடித்த எஃகுக் குடுவை. ஈர இட்லி பற்றாது. காயவைத்துப் பொடித்து, சுமார் 1 கிராம் மாத்திரையாக அழுத்த வேண்டும். பொடியாகவே வைத்தால், பற்றும் வேகத்தில் சிதறி, பாதி கரியாக நின்றுவிடும். அளவு குறைவாக வரும். மாத்திரையைத் தொட்டபடி மெல்லிய கம்பி. குடுவைக்குள் 30 மடங்கு காற்றழுத்தத்தில் ஆக்சிஜன், அடியில் 1 மில்லி நீர். இந்தச் சொட்டு நீர் எதற்கு? நைட்ரஜன் எரிந்து உண்டாகும் அமிலத்தைப் பிடித்துவைக்க. அது தந்த வெப்பம் உணவின் கணக்கில் சேரக்கூடாது, பின்னால் அளந்து கழிப்பார்கள். குடுவையை ஒரு வாளியில் 2 லிட்டர் நீரில் மூழ்கவைத்து, கம்பியில் மின்சாரம் விட்டால் சில நொடியில் முடிந்தது. 1 கிராம் சர்க்கரைக்கு நீர் ஏறக்குறைய 1.6 டிகிரி சூடாகும். அதனால்தான் தெர்மாமீட்டர் டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டியிருக்கிறது. குடுவையும் வாளியும் குடிக்கும் வெப்பத்தை அறிய, கிராமுக்கு 6.32 கிலோ கலோரி தரும் பென்சாயிக் அமிலத்தை முதலில் எரித்துப் பார்ப்பார்கள்.

ஆனால் பஞ்சை வைத்தாலும் பாம்ப் கிராமுக்கு 4 கிலோ கலோரிக்கு மேல் காட்டும். பஞ்சைத் தின்று யாரும் பிழைப்பதில்லை. ஆகவே ஆட்வாட்டர் செய்த பெரிய வேலை கழித்தல். புரதம் பாம்பில் 5.65 தரும், உடலில் அதன் நைட்ரஜன் யூரியாவாக, முழுதும் எரியாமலே சிறுநீரில் போகிறது. அதற்கு 1.25 கழித்தால் 4.4. சீரணமாவது 92 சதவீதம் என்றால் 4. இதே வழியில் மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9.

பெரும்பாலான பாக்கெட்டுகளில் உள்ள எண் இந்த 4, 4, 9-ஆல் பெருக்கிக் கூட்டியதுதான், எரித்துப் பார்த்தது அல்ல. மாவுச்சத்து 70, புரதம் 7, கொழுப்பு 20 கிராம்: 280 + 28 + 180 = 488. நீங்களே சரிபார்க்கலாம். நார்ச்சத்துக்குத் தனியாக 2 போடுவது வழக்கம்.

சராசரி எண் என்பதால் சில உணவுகளில் வழுக்கவும் செய்யும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் பாதாமை மனிதர்களுக்குக் கொடுத்து, கழிவையும் எரித்துப் பார்த்தார்கள்: 28 கிராமுக்குக் கணக்குப்படி 170 அளவில் வரவேண்டியது, 129-தான் வந்தது. செலவில் பங்கு பாதாம் விளைவிப்போர் வாரியத்துடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வேர்க்கடலைக்கு இப்படிப் பணம் போட யார் வருவார்களோ! பாதாமில் எண் குறைந்ததற்குக் காரணம் எளிது: பல்லில் உடையாத செல் சுவருக்குள் கொழுப்பு சிக்கி, அப்படியே வெளியேறுகிறது. அதே பாதாமை வெண்ணெய்போல் அரைத்துக் கொடுத்தபோது, எண் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது.