மூப்பு என்று சொல்ல என்ன தயக்கம்?

அம்மாவின் க்ரீம் டப்பாவில் ‘anti-ageing’ என்பதைத் தமிழில் ‘வயதான எதிர்ப்பு’ என்று அச்சடித்திருக்கிறது. "அப்போ வயசானவங்க இதைப் போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டார். உடல்நலக் கட்டுரைகளைத் திறந்தால் ‘healthy ageing’ என்பது ‘ஆரோக்கியமான வயதான’ என்று அரைகுறையாக நிற்கிறது. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

‘வயதான’ என்பது பெயரெச்சம். வயதான தாத்தா, வயதான மாடு என்று பின்னால் ஒரு பெயர் வர வேண்டும். ‘வயதான எதிர்ப்பு’ என்றால் எதிர்ப்புக்குத்தான் வயதாகியிருக்கிறது. மொழிபெயர்த்தவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சரி, ‘வயதாதல்’ என்று திருத்தினால் போதுமா? எனக்குப் போதாது. வயது வடமொழியிலிருந்து வந்த சொல், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது ஆண்டுக் கணக்கு, எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒன்றுதான் கூடும். உடல் அப்படித் தளர்வதில்லை. புகை, வெயில், தூக்கம், நடை என்று எத்தனையோ சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அறுபது வயதுக்காரர் இருவரின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள், ஒருவருக்குச் சட்டென்று படிந்துவிடும், இன்னொருவருக்கு மடிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும். இந்தத் தளர்ச்சிக்குப் பெயர்தான் மூப்பு. மூத்தல், மூத்தவர் எல்லாம் அதே வேர். புறநானூற்றில் பிசிராந்தையாரிடம் கேட்கும் கேள்வியே, ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்பதுதான். குடும்பம், ஏவலர், அரசன், ஊரில் உள்ள சான்றோர் என்று அவர் காரணம் அடுக்குகிறார். ஆண்டு வேறு, மூப்பு வேறு என்பது நமக்கு அப்போதே தெரியும்.

மூப்பு பழைய சொல், யாருக்கும் புரியாது என்பார்கள். ‘வயது மூப்பு காரணமாகக் காலமானார்’ என்று செய்தியில் அன்றாடம் வருகிறதே, அது யாருக்குப் புரியவில்லை?

மூப்புக்குப் பதிலாக ‘முதிர்ச்சி’ என்று எழுதுவது இதைவிடக் குழப்பம். ஆய்வகத்தில் வளர்க்கும் இயல்பான மனித செல்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961இல் அமெரிக்க உயிரியலாளர் ஹேஃப்ளிக் காட்டினார். நின்றுபோன செல் சாகாமல் கிடந்து அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கும். இதை ‘முதிர்ந்த செல்’ என்று எழுதுகிறார்கள். அப்புறம் முதிர்ந்த கருமுட்டையை என்னவென்று சொல்வது? அது கருத்தரிக்கத் தயாரானது! இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாடம் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? ‘மூப்புற்ற செல்’ என்றால் சிக்கலே இல்லை.

2021 முதல் 2030 வரை ஐ.நா. அறிவித்திருக்கும் ‘Decade of Healthy Ageing’ என்பதை ‘நலமான மூப்புக்கான பத்தாண்டு’ என்று எழுதலாம். க்ரீம் டப்பாவில் ‘சுருக்கம் குறைக்கும் க்ரீம்’ என்று போட்டிருந்தால் அம்மா மூடியைத் திறந்திருப்பார்.