திங்கட்கிழமை மூச்சுத் திணறும் மீன்

வீட்டு மீன்தொட்டிகளில் நேரும் சாவுகளில் கணிசமானவை ஞாயிற்றுக்கிழமையின் துப்புரவுப் பணிக்கு அடுத்த நாள்தான் நேர்கின்றன. மீன் வளர்க்கும் உறவினரும் அயலவரும் என்னை அழைத்துக் கேட்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். விடுமுறை நாளில் வீட்டார் கூடித் தொட்டியைக் கழுவுகிறார்கள், கற்களைத் தேய்க்கிறார்கள், வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்குகிறார்கள், பிறகு வாளி வாளியாகக் குழாய்த் தண்ணீரை நிரப்புகிறார்கள். தொட்டி கண்ணாடிபோல் பளபளக்கிறது. மறுநாள் விடியும்போது மீன் மேற்பரப்பில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

சில மாதங்களுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துச் சிறுவன் ஒருவன் காலையிலேயே கதவைத் தட்டி, "மாமா, மீன் மேலே வந்து கதைக்கிற மாதிரி வாயை அசைக்குது, வந்து பாருங்கோ" என்றான். அறுபது லீற்றர் தொட்டியில் இரண்டு கோல்ட்ஃபிஷ்கள் இருந்தன. அவனுடைய தாயார் அதற்குள் கடையில் நீல நிற மருந்துப் போத்தல் ஒன்றை வாங்கி வந்து, மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தார். அதைச் சற்று நேரம் மேசையில் வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். நோய் எதுவென்று தெரிவதற்கு முன் மருந்தை ஊற்றுவது, மீனுக்கு இருக்கும் ஒரு துன்பத்தோடு இன்னொன்றையும் சேர்ப்பதாகிவிடக்கூடும்.

நோயுற்ற மீனிடம் முதலில் பார்க்கவேண்டியது அதன் மூச்சை. தொட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். ஆள் வந்த பரபரப்பு அடங்கிய பிறகுதான் மீன் தன் உண்மையான நிலையைக் காட்டும். பிறகு பூமூடி, அதாவது செவுளின் மேல்மூடி, திறந்து மூடுவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். மீனுக்கு மீன் இந்த எண்ணிக்கை வேறுபடும் என்பதால், அது நலமாக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை எண்ணிக் குறித்து வைத்திருப்பவருக்கே இந்த அளவு முழுப்பயன் தரும். அடுத்த கேள்வி, ஒரு மீனுக்கு மட்டுமா, எல்லா மீனுக்குமா என்பது. தொட்டியில் உள்ள எல்லா மீன்களும் ஒரே காலையில் திணறினால், பெரும்பாலும் குற்றம் தண்ணீரில்தான் இருக்கும். ஒன்று மட்டும் மூலையில் ஒதுங்கி, செட்டைகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு நின்றால், தொற்றையோ காயத்தையோ மற்ற மீன்களின் தொல்லையையோ தேட வேண்டும். அந்த வீட்டில் இரண்டுமே திணறின.

சந்தையில் மீன் வாங்கும்போது பூவைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். பூ என்று நாம் சொல்வதும் செவுள் என்று தமிழகத்தில் சொல்வதும் ஒன்றே. அந்தச் சிவப்பு, மிக மெல்லிய தோலுக்குள் ஓடும் இரத்தத்தின் நிறம். தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் இடையில் அங்கே இருப்பது ஓரிரு கல அடுக்கு மட்டுமே. ஒட்சிசன் உள்ளே வருவது அவ்வழியே. காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் அவ்வழியே. நம் உடலில் சிறுநீரகம் வெளியேற்றும் நைதரசன் கழிவை, மீன் பெரும்பாலும் அமோனியாவாகப் பூவின் வழியாகவே தண்ணீரில் கலக்கவிடுகிறது. தண்ணீரில் அமோனியா கூடிவிட்டால் இரத்தத்தில் உள்ள அமோனியா வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். பூவின் தகடுகள் வீங்கிச் சளி பிடிக்கும். சளி பிடித்த பூவினால் ஒட்சிசனையும் போதியளவு எடுக்க முடியாது. ஆகவே நஞ்சூட்டப்பட்ட மீனும் மூச்சடைத்த மீனும் பார்வைக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன.

மாதக்கணக்காக நலமாயிருந்த தொட்டி கழுவிய மறுநாளே ஏன் நஞ்சாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் கொழும்புத் தண்ணீருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மீன் வெளியிடும் அமோனியாவை வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. வேறொரு வகை அதை நைத்திரேற்றாக்குகிறது. நைத்திரேற்று ஓரளவு கூடினாலும் மீன் தாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த மாற்றத்தின்போது அமிலம் பிறக்கிறது. அதைச் சமன்செய்யத் தண்ணீரின் காரத்தன்மை செலவாகிறது. அமோனியாவில் உள்ள 1 மில்லிகிராம் நைதரசனை நைத்திரேற்றாக்குவதற்கு, சுமார் 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தன்மை கரைந்துபோகிறது. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் இந்தச் சேமிப்பு தாராளமாக இருக்கும். ஈரவலயத்தின் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வரும் நீரோ மென்மையானது. அதில் சேமிப்புக் குறைவு. தண்ணீரை மாற்றாமல் விட்ட தொட்டியில் அது தீர்ந்ததும் தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6 வரை, சில வேளை அதற்கும் கீழே இறங்கிவிடும்.

பி.எச். இறங்கினால் பற்றீரியாக்கள் சோர்ந்து அமோனியா சேரத் தொடங்கும். எனினும் மீன் சாவதில்லை. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருப்பதே காரணம்: மின்னேற்றம் பெற்ற அமோனியம் பூவின் தோலை எளிதில் ஊடுருவாது, மின்னேற்றமற்ற அமோனியாதான் கடும் நஞ்சு. 29 பாகை செல்சியஸில், பி.எச். 6 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் 0.1 சதவீதத்தையும் எட்டாது. பி.எச். 7.6 ஆனால் அது ஏறத்தாழ 3 சதவீதம். 8 ஆனால் 7 சதவீதத்தை நெருங்கும். அமிலமாகிப்போன பழைய தண்ணீரில் அமோனியம் உறங்கிக்கிடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மேலே புதுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினால், பி.எச். சட்டென்று ஏறும், உறங்கியது நஞ்சாக விழிக்கும். அதே நாளில் பஞ்சைக் குழாயடியில் கழுவியதால், அந்த நஞ்சை மாற்றக்கூடிய பற்றீரியாக்களும் குளோரீனில் பெருமளவு மடிந்திருக்கும். குடிநீரில் கிருமி சேராதிருக்க அவசியமாக விடப்படும் அதே குளோரீன், மிகச் சிறிய அளவிலும் மீனின் பூவைச் சுடும்.

கீழ்வீட்டுத் தொட்டியில் சோதனைக் குழாயின் நிறம் அமோனியாவை லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்றும், பி.எச்.சை 7.6 என்றும் காட்டியது. அதில் நஞ்சு வடிவம் 0.06 மில்லிகிராம் அளவில் வரும், 0.05 தாண்டினாலே பூ பழுதடையத் தொடங்கும். செட்டை ஓரங்கள் சிவந்திருந்ததும் இதனோடு பொருந்தியது. வாளித் தண்ணீரில் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை விட்டுக் குளோரீனைப் போக்கி, தொட்டித் தண்ணீரில் பாதியை மெதுவாக மாற்றினோம். இத்தனை பெரிய மாற்றம் எல்லா நேரத்திலும் ஏற்றதல்ல, இங்கே பி.எச். ஏற்கெனவே குழாய்த் தண்ணீரின் அளவுக்கு ஏறிவிட்டிருந்ததாலேயே துணிந்தோம். பிறகு ஒட்சிசன் கூடுவதற்காக, காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக் கல்லை ஓடவிட்டோம். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். நம் வீட்டுத் தொட்டிகளின் 29 பாகையில் அது 7.7 மட்டுமே. இரண்டு நாள் உணவை முற்றாக நிறுத்தினோம். என் தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி அவர்களுடைய வடிகட்டிக்குள் வைத்தேன். உயிருள்ள பற்றீரியாக்களை இதைவிட விரைவாகக் கொடுக்கும் வழி எனக்குத் தெரியாது.

அன்று 60 கிராம் கல்லுப்பும் இட்டோம், அதாவது லீற்றருக்கு 1 கிராம். இது பாட்டி வைத்தியம் அல்ல, இதற்குத் தெளிவான காரணம் உண்டு. புதிதாகக் குடியேறும் பற்றீரியாக்கள் முதலில் அமோனியாவைத் தின்று நைத்திரைற்றைக் குவிக்கும். நைத்திரைற்று இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க இயலாததாக மாற்றும்; அப்போது பூவின் சிவப்பு மங்கிக் கபில நிறமாகும். நைத்திரைற்றும் உப்பிலுள்ள குளோரைட்டும் பூவுக்குள் நுழையும் வாசல் ஒன்றே. வாசலில் குளோரைட்டு நெரிசலாக நின்றால் நைத்திரைற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது என்பதால், தண்ணீர் இடைவிடாது உடலுக்குள் ஊறுகிறது. அதைச் சிறுநீராக இறைத்துக்கொண்டே இருப்பது சிறுநீரகத்தின் வேலை. தொட்டியில் சிறிது உப்பு இருந்தால் அந்தச் சுமையும் குறையும். உப்பை வேறு பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாள் முழுவதும் பகுதி பகுதியாக விடவேண்டும். நீர்த்தாவரங்களும் கோரிடோரஸ் போன்ற அடித்தள மீன்களும் உப்பை விரும்பாதவை என்பதையும் மறக்கக்கூடாது.

தண்ணீர் சரியென்று சோதனையில் உறுதியான பிறகே தோலில் நோயைத் தேட வேண்டும். இருட்டிய அறையில் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் விழவிட்டால், நேர் வெளிச்சத்தில் தெரியாதவை தெரியும். உப்புத் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைப்புள்ளி நோய். பொன்தூள் படிந்ததுபோல் நுண்ணிய மினுக்கம் தெரிந்தால் வெல்வெட் எனப்படும் வேறோர் ஒட்டுண்ணி. வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைக்கல உயிர், 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சு ஆய்வாளரால் விவரிக்கப்பட்டது. நாம் காணும் புள்ளி, தோலுக்கு அடியில் மீனைத் தின்று வளரும் ஒட்டுண்ணி. அங்கே எந்த மருந்தும் அதை எட்டாது. வளர்ந்ததும் அது கழன்று விழுந்து, கல்லில் ஒட்டிப் பலநூறாகப் பிளவுபட்டு, நீந்தும் குஞ்சுகளை வெளிவிடும். ஓரிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை அழியும். மருந்தும் உப்பும் கொல்வது இந்த நீந்தும் பருவத்தைத்தான். முதல்நாள் மருந்தில் புள்ளிகள் மறைந்தன என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவை மறைந்தது கொல்லப்பட்டதால் அல்ல, பெருகுவதற்காகக் கழன்றதால். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

வெள்ளைப்புள்ளிக்குத் தண்ணீரைச் சூடாக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. கொழும்பில் தண்ணீர் ஏற்கெனவே அந்தச் சூட்டை அண்டியே இருப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இன்னொரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. வாயோரத்தில் பஞ்சு ஒட்டியதுபோலவும், முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறியும் தோன்றுவது பங்கசு (பூஞ்சை) என்று கருதப்படுவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் கொலும்னாரிஸ் என்னும் பற்றீரியா நோய். உண்மையான பங்கசு காயத்தின்மேல் நூல் நூலாக எழுந்து நீரில் அசையும்; கொலும்னாரிஸ் தட்டையாகப் படர்ந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் கொள்ளும். சூடு கூடக் கூட இது விரைவாகக் கொல்லும், சில வேளை இரண்டே நாளில்.

மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் நிமிர்ந்து நின்றால் சிறுநீரகம் தோற்று உடலில் நீர் கோத்துவிட்டது. அந்தக் கட்டத்தில் மீள்வது அரிது. கோல்ட்ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் உணவை இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பார்த்தாலே பல சமயம் நேராகும்.

மருந்து அவசியமானால் தனித் தொட்டியில் கொடுப்பதே நல்லது. மெதிலீன் நீலம் என்னும் மருந்து வடிகட்டியின் பற்றீரியாக்களையும் கொல்லும் என்பதால், முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் அமோனியாக் கதை மறுபடி தொடங்கும். வீட்டில் மிஞ்சிய மனித அன்ரிபயோட்டிக் குளிசைகளை உடைத்துப் போடுவதை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். எந்தப் பற்றீரியா, எவ்வளவு மருந்து என்று தெரியாமல் இடுவது மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை வளர்த்து, அவற்றைச் சாக்கடை வழியே ஊருக்கும் அனுப்பும். மிருக வைத்தியரிடம் கேட்டே அதைச் செய்யவேண்டும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் கையுறையின்றித் தொட்டிக்குள் கை விடக்கூடாது. மீன்களின் காசநோய்ப் பற்றீரியா மனிதத் தோலிலும் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும்.

கீழ்வீட்டு மீன்களில் சிறியது இரண்டாம் நாள் இறந்துவிட்டது. பெரியது பிழைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிறுவனே தண்ணீரைச் சோதித்து, நிறங்களைக் கொப்பியில் பென்சிலால் தீட்டி வைத்தான். அமோனியாவும் நைத்திரைற்றும் காணாமற்போக நான்கு வாரம் சென்றது. அதற்கிடையில் ஒரு மாலை அவனுடைய தாயார் மிகுந்த அச்சத்தோடு என்னை மறுபடி அழைத்தார். வால் ஓரத்திலும் பூமூடியின் மேலும் மை தொட்டதுபோல் கறுப்புத் திட்டுகள் தோன்றியிருந்தன. கைவிளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது, செட்டைகள் விரிந்திருந்தன, மீன் உணவுக்கு ஓடி வந்தது. அமோனியா சுட்ட இடங்கள் ஆறும்போது கோல்ட்ஃபிஷின் தோலில் கருநிறக் கலங்கள் அவ்வாறு கூடுவதுண்டு. அதற்கு எந்த மருந்தும் வேண்டாம் என்றேன். சில வாரங்களில் அவை தாமாகவே மங்கிப்போயின.