வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு: உங்கள் வான் வண்டிக்கு மணிக்கு எத்தனை மைல்?

பிரித்தானியாவில் ஊரை விட்டு வெளியே வரும்போது தெருவோரத்தில் ஒரு வெள்ளை வட்டமும் அதற்குள் சாய்வாக ஒரு கறுப்புக் கோடும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த ரோட்டில் நாட்டின் பொது வேக எல்லை செல்லும் என்பதுதான் அதன் அர்த்தம், ஆனால் அதில் எண் கிடையாது. நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள், எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்த எண் மாறும். காருக்கு ஒன்று, வானுக்கு ஒன்று, லொறிக்கு ஒன்று. இது தெரியாமலே வருடக்கணக்காகக் கடைக்குச் சாமான் ஏற்றி ஓடுகிறவர்கள் நிறையப் பேர். என் மச்சானும் அப்படித்தான், வீட்டுக்குக் கடிதம் வரும் வரைக்கும்.

அவரிடம் இருப்பது ஒரு ஃபோர்ட் ட்ரான்சிட். விடிய முதல் மொத்தக் கடைக்குப் போய் வெங்காயமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் ஒரு கிராமத்து ரோட்டில் கமராவில் பிடிபட்டார், வேகம் 58. "60 ரோட்டில் 58 தானே ஓடினேன், கமரா பிழை" என்று சண்டைக்கு நின்றார். கமராவில் பிழை இல்லை. அந்த ரோட்டில் காருக்குத்தான் 60, அவருடைய வானுக்கு 50.

சரி, மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கு இதுதான். சிங்கிள் கரேஜ்வேயில், அதாவது நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில், காருக்கு 60, நடுவில் தடுப்பு இருக்கிற டூயல் கரேஜ்வேயிலும் மோட்டர்வேயிலும் 70. மோட்டார் சைக்கிளுக்கும் அதேதான். வானுக்குச் சிங்கிளில் 50, டூயலில் 60, மோட்டர்வேயில் மட்டும் காரைப் போல 70. ஊருக்குள் இந்த வித்தியாசம் ஒன்றும் கிடையாது, தெருவிளக்கு வரிசையாக இருந்து வேறு எண் போடாவிட்டால் எல்லாருக்கும் 30; வேல்ஸில் மட்டும் 2023 செப்டெம்பர் 17 முதல் அது 20. பலகையில் 40 என்று எண்ணே போட்டிருந்தால் எல்லாரும் 40. ஆனால் பலகை எண் உங்கள் வாகனத்தின் எல்லையைவிடக் கூட இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது, உங்களுடைய எல்லைதான் செல்லும்.

டூயல் கரேஜ்வே என்றால் பக்கத்துக்கு இரண்டு லேன் என்று பலர் நினைக்கிறார்கள். லேன் கணக்கே இல்லை. நடுவில் புல்லோ, கட்டோ, கம்பித் தடுப்போ இருந்து இரண்டு பக்கத்தையும் பிரித்தால் அது டூயல். நடுவில் வெறும் பெயின்ட் கோடு என்றால், பக்கத்துக்கு இரண்டு லேன் இருந்தாலும் அது சிங்கிள்தான், வானுக்கு 50தான்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி, "என்னுடையது சின்ன வான், அதற்குமா?" காரை அடிப்படையாக வைத்துச் செய்த வானுக்குக் காரின் வேகம்தான். அதற்கு இரண்டு நிபந்தனை: ஒரு கார் மொடலில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும், சுமையோடு சேர்த்து அதற்கு அனுமதித்த மொத்த எடை 2 டன்னைத் தாண்டக் கூடாது. ஃபோர்ட் ஃபியெஸ்டா வான், வொக்ஸ்ஹோல் கோர்சா வான் போன்றவை இதற்குள் வரும். ட்ரான்சிட் வராது, ஸ்ப்ரின்டர் வராது, பார்க்கச் சின்னதாக இருக்கிற ட்ரான்சிட் கனெக்டும் வராது. வானைக் காலியாக ஓட்டினேன், சாமான் ஒன்றும் இல்லை என்ற கதையும் எடுபடாது, ஏனென்றால் பார்ப்பது இன்றைக்கு ஏற்றிய எடையை அல்ல, எவ்வளவு ஏற்றலாம் என்ற எடையை. சந்தேகம் இருந்தால் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து தூணடியைப் பாருங்கள், அல்லது பொனெட்டுக்குக் கீழே தேடுங்கள், ஒரு சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு எடை போட்டிருப்பார்கள், முதலாவது எண்தான் நமக்கு வேண்டியது. அது 2000 கிலோவுக்கு மேல் என்றால் கதை முடிந்தது.

கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ மினிபஸ் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். 8 பேருக்கு மேல் ஏற்றுகிற மினிபஸ்ஸுக்குச் சிங்கிள், டூயல், மோட்டர்வே என்ற வரிசையில் 50, 60, 70. ஆனால் சட்டப்படி ஸ்பீட் லிமிட்டர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி, பூட்டியிருக்க வேண்டிய மினிபஸ் என்றால் 62க்கு மேல் ஓடாது, மூன்று லேன் மோட்டர்வேயில் வலது கரை லேனுக்குப் போகவும் கூடாது. காருக்குப் பின்னால் ட்ரெய்லர் கொழுவினால் காரின் எல்லையும் இறங்கிவிடும்: அதே வரிசையில் 50, 60, 60. வீடு மாறும்போது ஒரு நாளைக்கு ட்ரெய்லர் எடுக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதே இல்லை.

பெரிய லொறி, அதாவது ஏழரை டன்னுக்கு மேல் என்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50, 60, 60. 2015 ஏப்ரல் 6க்கு முதல் சிங்கிளில் வெறும் 40ஆக இருந்தது, லொறிக்குப் பின்னால் மாட்டுப்பட்டு வந்த கார்கள் பொறுமை இழந்து முந்தப் போய் விபத்து வருகிறது என்பது கூட்டியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்போது ஸ்காட்லாந்து கூட்டவில்லை.

பிடிபட்டால் ஆகக் குறைந்தது 100 பவுண்ட் தண்டமும் லைசென்ஸில் 3 புள்ளியும். வேகம் கொஞ்சம்தான் கூட, கடைசி மூன்று வருடத்தில் வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகவும் இல்லை என்றால், காசு கட்டி அந்த வகுப்புக்குப் போய்த் தண்டத்திலும் புள்ளியிலும் இருந்து தப்பலாம். மச்சான் அப்படித்தான் தப்பினார். 10 சதவீதமும் அதற்கு மேல் 2 மைலும் விடுவார்கள் என்று கதைப்பார்களே, அது பொலிஸுக்கான வழிகாட்டல் மட்டும், உங்களுக்கான உரிமை இல்லை. போதாக்குறைக்கு, அந்தக் கணக்கு 50இல் இருந்து தொடங்கினால் 57இலேயே கடிதம் வரலாம். மூன்று வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் நீதிமன்றத்தில் லைசென்ஸ் போகலாம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு 6 புள்ளியே போதும், லைசென்ஸ் போய், திரும்ப எல்-போர்ட்டில் (பழகுகிறவர் மாட்டுகிற பலகை) இருந்து தொடங்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்தக் கடிதம். குற்றம் நடந்து 14 நாளுக்குள் வாகனம் யாருடைய பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவருக்கு வர வேண்டும். வான் லீஸில் இருந்தால் முதலில் லீஸ் கொம்பனிக்குப் போய்ப் பிறகுதான் உங்களுக்கு வரும், அதனால் 14 நாள் கடந்துவிட்டது என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். கடைப் பெடியன் ஓட்டினானா நான் ஓட்டினேனா என்று யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அது தனிக் குற்றம், 6 புள்ளி, தண்டம் 1000 பவுண்ட் வரை போகும். வேகமாக ஓடியதற்கு 3 புள்ளி, பதில் போடாததற்கு 6. அதனால் மச்சான் இப்போது வானுக்குள் ஒரு கொப்பி வைத்திருக்கிறார், யார் திறப்பை எடுத்தாலும் பெயரும் நேரமும் எழுத வேண்டும்.