உடல் ஏற்பு: ‘பாடி பாசிட்டிவிட்டி’க்குத் தமிழ் என்ன?

உடல் ஏற்பு (பெயர்ச்சொல்): பருமன், நிறம், உயரம், தழும்பு, ஊனம் என்று எதையும் சாக்காக வைத்துத் தன் உடம்பை இழிவாக எண்ணாமல், இன்று இருக்கிறபடியே தனதென்று ஏற்று, அதற்கு வேண்டியதைச் செய்தல். ‘பாடி பாசிட்டிவிட்டி’, ‘பாடி அக்செப்டன்ஸ்’ இரண்டுக்கும் இதை ஆளலாம்.

கருத்து அமெரிக்காவிலிருந்து வந்தது. 1967-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பருமனானவர்கள் கூடி, உடம்பைக் குறைக்கச் சொல்லும் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். 1969-இல் அவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியது. ‘பாடி பாசிட்டிவ்’ என்ற பெயர் 1990-களில் வந்து, இன்ஸ்டாகிராம் காலத்தில் உலகம் சுற்றியது. வந்த வழியில் உரிமைப் பேச்சு தேய்ந்துபோய், கண்ணாடி முன் நின்று ‘நான் அழகு’ என்று சொல்லிக்கொள்ளும் அறிவுரைதான் பெரும்பாலும் மிஞ்சியது. தினமும் அப்படிச் சொல்ல முடியாதவர்களுக்காகப் பிறகு ‘பாடி நியூட்ராலிட்டி’ கிளம்பியது. அழகா இல்லையா என்ற கேள்வியை ஓரம்வைத்து, நடக்கிற காலை நடப்பதற்காகவும் தூக்குகிற கையைத் தூக்குவதற்காகவும் மதிப்பது அது.

தமிழில் பலர் ‘உடல் நேர்மறை’ என்று எழுதுகிறார்கள். இது தவிர்க்க வேண்டிய சொல். இலக்கணத்தில் ‘மறை’ என்றாலே மறுப்பு. ‘வாரான்’, ‘செய்யாத’ எல்லாம் எதிர்மறை. அதற்கு மறுபக்கம் நம் இலக்கணம் வைத்திருக்கும் பெயர் ‘உடன்பாடு’. ‘நேர்மறை’ அந்த எதிர்மறையைப் பார்த்துப் பின்னால் செய்த சொல். பிரித்தால் ‘நேரான மறுப்பு’ என்றுதான் வரும். ‘பாசிட்டிவ்’ என்று அப்படியே விடுவதும் உதவாது, அதுவும் வேலூரில். பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கும் ஊர் இது. லாட்ஜ் வாசலில் ஒருவர் போனில் ‘பாசிட்டிவ் வந்துடுச்சு’ என்றால் பக்கத்தில் நிற்பவர் முகம் வாடும்.

‘உடம்போடு உடன்பாடு’ பேச்சில் அழகாக வரும். தலைப்புச் சொல்லாக நிற்க ‘உடல் ஏற்பு’தான் வசதி.

ஏற்பு என்பதன் வேர் ‘ஏல்’. அதற்குப் பல பொருள். ஒன்று, கை நீட்டி வாங்குதல்: ஆத்திசூடியின் ‘ஏற்பது இகழ்ச்சி’ இரந்து வாங்குவதைச் சொல்கிறது. இரண்டு, எதிர்கொள்ளுதல்: சவாலை ஏற்கிறோம், பொறுப்பை ஏற்கிறோம். மூன்று, பொருந்துதல்: ‘காலுக்கேத்த செருப்பு’, ‘வயசுக்கேத்த பேச்சு’. ‘ஏற்பு என்றால் விதியே என்று கிடப்பது’ என்று குறை சொல்பவர்கள் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது மூன்றாவது. அதில் ‘-க்கு’ எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். உடம்புக்கு ஏற்ற சட்டை. உடம்புக்கு ஒத்துக்காத சாப்பாடு. சட்டைக்கு ஏற்ற உடம்பு என்று யாரும் சொல்வதில்லை. பேச்சில் ஒழுங்காக இருக்கிறோம், தையல் கடை வாசலில்தான் தலைகீழாகிறோம்.

வேலூர் லாங் பஜாரில் துணி எடுத்தாயிற்று. தையல்காரர் கேட்கிறார், ‘அளவு ஜாக்கெட் இருக்குதாம்மா?’ பையிலிருந்து வருவது ஐந்து வருடத்துக்கு முந்தைய, கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட். அவர் அதை விரித்துப் போட்டு அப்படியே வெட்டுகிறார். தைத்து வந்ததும் கைக்குழி இறுக்குகிறது, கையைத் தூக்கினால் முதுகுப் பக்கம் இழுக்கிறது, இரண்டாவது கொக்கிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே வாய் பிளக்கிறது. பழி உடம்பின் மேல்: ‘சே, எப்படி ஊதிட்டேன்.’ தவறு அளவில்தான். தைத்த நாளின் உடம்புக்குத்தான் அந்த ஜாக்கெட் சாட்சி.

சரியான வழி, டேப்பால் புதிதாக அளவெடுக்கச் சொல்வது. வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டு நிற்க வேண்டும். மார்புச் சுற்று, மார்புக்குக் கீழ்ச் சுற்று, தோள், கைக்குழி, கைச் சுற்று, உயரம் எல்லாம் தனித்தனியாக. இழுத்துப் பிடித்து எடுத்த அளவு சட்டையிலும் அப்படியே இறங்கும். பிறகு ஒரு வார்த்தை: ‘உள்ளே துணி விட்டுத் தைங்க.’ இரண்டு பக்கத் தையலிலும் முன்துணி, பின்துணி என்று நான்கு ஓரம் உண்டு. ஒவ்வொன்றிலும் 1 அங்குலம் விட்டால், பின்னால் தையலைப் பிரித்து மொத்தம் சுமார் 3 அங்குலம் வரை தளர்த்தலாம். கைக்குழியிலும் விடச் சொல்ல மறந்தால், உடல் பாகம் தளர்ந்த பிறகும் அக்குளில் இறுக்கம் போகாது. இளைத்த பிறகு போடலாம் என்று சிறிதாகத் தைத்து வைப்பதுதான் இதில் மோசமான செலவு. அது பீரோவைத் திறக்கும்போதெல்லாம் குத்திக்காட்டிக்கொண்டு தொங்கும்.

செருப்பு, ஷூவிலும் இதே கதை. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று பழைய வட ஆர்க்காடு முழுக்க ஷூ தைக்கும் சீமை. ஷூவின் உருவம் காலைப் பார்த்து வருவதில்லை. ‘லாஸ்ட்’ எனப்படும் பாத அச்சின் மேல் தோலை இழுத்துப் படியவைத்துத்தான் அது உருவாகிறது. ஏற்றுமதிக்குப் போகும் ஷூ வாங்குகிற நாட்டுப் பாதத்துக்கான அச்சில் ஏறியது. பிரிட்டிஷ் எண்ணில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் 8.47 மில்லிமீட்டர், ஐரோப்பிய எண்ணில் 6.67. எண் சொல்வது நீளத்தை மட்டும். அகலமான பாதத்துக்காரர் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறார். முன்பக்கம் சரியாகிறது, குதிகால் வழுக்குகிறது, கொப்புளம் வருகிறது. ‘என் காலே அவலட்சணம்’ என்கிறார். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதம் பொதுவாக அகலம் என்று தெரிந்து, ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறை வகுத்திருக்கிறது. அந்த அளவில் ஷூ கைக்குக் கிடைக்கும்வரை சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், இரண்டில் பெரிய காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

ஏற்பு என்றால் வைத்தியம் வேண்டாம் என்று பொருளா? இல்லை. ஆனால் எண்ணையும் அதன் மேல் ஒட்டும் பட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பி.எம்.ஐ. என்பது எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது. 160 செ.மீ. உயரம், 62 கிலோ என்றால் 24.2. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு. இந்தியர்களுக்குப் பரிந்துரைத்த கணக்கில் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருகிறது. அதே பெண், அதே உடம்பு, பட்டம் மட்டும் வேறு. இந்தச் சூத்திரத்துக்கு 1830-களில் வழி போட்ட பெல்ஜியக்காரர் கெத்லே மருத்துவர் அல்ல. வானியலும் புள்ளியியலும் பார்த்தவர். அவர் தேடியது கூட்டத்தின் சராசரியை. இன்றைய பெயர் 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் வைத்தது.

வீட்டில் பார்க்க இடுப்புச் சுற்று உதவும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், தோலை அழுத்தாமல் டேப் சுற்ற வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சோதிக்கலாம். வெட்கப்பட்டுச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஏற்புக்கு நேர் எதிர்.

தொடர்புடைய சொல் ‘உருவக்கேலி’, அதாவது பாடி ஷேமிங். நிலைத்துவிட்ட நல்ல சொல். ‘உருவகேலி’ என்று எழுதாதீர்கள். உருவம் + கேலி, க் மிகும். கேலி வடமொழி வழி வந்தது. தமிழ்ச் சொல் வேண்டுமானால் ‘எள்ளல்’ உண்டு. ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்று குறளே (667) சொல்லியிருக்க, இதற்குப் புதுச்சொல் தேடியதே கொஞ்சம் வேடிக்கை.

எள்ளல் எப்போதும் சண்டையில் வருவதில்லை. ‘இன்னாம்மா, இப்டி எளச்சிட்ட?’, ‘வெயில்ல நல்லா கறுத்துட்டியே’ எல்லாம் இங்கே நலம் விசாரிப்புதான். சொல்பவர் பாசமாகத்தான் சொல்கிறார்; கேட்பவர் ராத்திரி வரைக்கும் சுமக்கிறார். வேலூர் வெயிலில் தோல் கறுப்பது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. ‘சாப்டியா?’, ‘எப்ப வந்த?’ என்று கேட்டாலும் அதே பாசம்தான். உருவத்தைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் (பெண் பார்க்கும் வீடு, போலீஸ் அடையாளம்) குத்தாத சொற்களும் தமிழில் கிடக்கின்றன: மாநிறம், பூசினாப்போல, வாட்டசாட்டம், ஒடிசல்.