குரலை வைத்து ஆளை எடை போடுகிறோமா?

குரல் சிகிச்சைக்கு வருபவர்களில் மேடைப் பேச்சாளர்களும் உண்டு. நாள் முழுக்கக் கத்திப் பேசியதில் குரல்நாண்கள் வீங்கியிருக்கும். சிலருக்குச் சின்னக் கட்டியே வந்திருக்கும். பேச்சைக் குறைத்தால் கரகரப்பு போய்விடும் என்றால் சிலர் தயங்குகிறார்கள். “இந்தக் குரல்தானே ஜனங்களுக்குப் பிடிக்குது?” என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, அதுதான் சங்கடம்.

2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தங்களுக்கு வாக்களிக்கும்படி ஆண்களும் பெண்களும் கேட்கும் ஒரே வாக்கியத்தைப் பதிவு செய்து, கணினியில் அதன் சுருதியை ஏற்றியும் இறக்கியும் ஒலிக்கவிட்டார்கள். ஆள் அதே ஆள், சொல் அதே சொல். ஆனாலும் கேட்டவர்களில் பெரும்பாலோர் தாழ்ந்த குரலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். குரல்நாண் நீளமாக, தடிமனாக இருந்தால் சுருதி இறங்கும், அவ்வளவுதான். நிர்வாகத் திறமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் 1970களில் பயிற்சி எடுத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது 1982இல் வந்த ஓர் ஆய்வு. பேட்டிகளில் அவரை ஏன் அடிக்கடி குறுக்கிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். பேச்சு முடியாத இடங்களிலும் அவர் குரல், முடித்துவிட்டவர் குரல் போலச் சட்டென்று இறங்கியது. சரி, முடித்துவிட்டார் என்று எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பார், அவரோ தொடர்ந்துகொண்டிருப்பார். பார்க்கிறவருக்கு ஒருவர் மரியாதை தெரியாதவர், இன்னொருவர் விட்டுக்கொடுக்காதவர். இரண்டு பேரின் குணத்தையும் நாம் முடிவு செய்தது வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்கிய விதத்தை வைத்து!

கைத்தட்டல் வாங்குவதற்கும் வழி இருக்கிறது. மூன்று விஷயங்களை அடுக்கினால் மூன்றாவதில் கூட்டம் தானாகக் கை தட்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது திக்கலைப் பற்றி. பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவர் திக்கிப் பேசுகிறார். மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வித்தியாசம் அது; அறிவுக்குறைவோ பொய்யோ அல்ல. வராத சொல்லைத் தவிர்க்கப் பாதி வாக்கியத்தில் வேறு சொல்லுக்குத் தாவுவார்கள். கேட்பவர், “மறந்துவிட்டார்” என்பார், அல்லது “மழுப்புகிறார்” என்பார். சிறுவயதிலிருந்தே திக்கல் உள்ள ஜோ பைடனைச் சுற்றி இந்த விவாதம் நிறையவே நடந்தது. அவர் தடுமாறிய ஒவ்வோர் இடமும் திக்கலால் வந்ததா என்று திரையைப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் 1939இல் பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆற்றிய போர் அறிவிப்பு உரையின் நீண்ட இடைவெளிகள் இன்றைக்குக் கேட்டாலும் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. அவருக்கும் திக்கல்தான்.

ஒரு பேச்சு மனதைத் தொட்டால் மறுநாள் அதை எழுத்தில் படித்துப் பாருங்கள். எவ்வளவு, எப்போதைக்குள், எந்தப் பணத்தில் என்ற விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்து கிடைக்காவிட்டால் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். இழுத்து நிறுத்தும் இடைவெளிகளின் பாதிப் பலம் அதிலேயே போய்விடும். ஒரு மணி நேரப் பேச்சில் வாக்குறுதி எத்தனை, அதில் தேதி சொன்னது எத்தனை என்று குறித்துக்கொள்ள 40 நிமிடம் போதும்.