பசுமை ஹைட்ரஜன்: சொல்லும் பொருளும்

பசுமை ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. சுத்திகரித்த பசுமை ஹைட்ரஜனையும் சாம்பல் ஹைட்ரஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது. பெயரில் இருக்கும் பசுமை, அந்த வாயு பிறந்த வழியைக் குறிக்கிறது.

சூரியன், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்தால் பசுமை. இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரிய வைத்து எடுத்தால் சாம்பல். அதில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயு வெளியேறும். அந்தக் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைத்தால் நீலம். அப்புறம் அணு மின்சாரத்தில் பிறந்தால் இளஞ்சிவப்பு, பூமிக்குள் இயற்கையாகவே கிடைத்தால் வெள்ளை என்று பட்டியல் நீள்கிறது. உலகம் ஆண்டுக்குப் பயன்படுத்தும் கிட்டத்தட்ட 10 கோடி டன்னில் பசுமையின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஹைட்ரஜன் என்ற பெயருக்கு வருவோம். 1766இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் இதைத் தனி வாயுவாக அடையாளம் கண்டபோது ‘எரியும் காற்று’ என்றுதான் அழைத்தார். அது எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது என்பதைப் பிறகு பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே விளக்கினார். 1787இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட வேதிப்பெயர் முறையில், ‘தண்ணீர்’, ‘பிறப்பிப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் புதுப்பெயர் வைத்தார்கள். தமிழில் நீரகம், நீரியம் என்று வந்தவை இதே வழியில் பிறந்தவை. இலங்கைப் பாடநூல்களில் ஐதரசன்; தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஹைட்ரஜன்.

இவற்றில் நீரகம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நூலகம், காப்பகம் என்று பழகிய காதுக்கு அது ஓர் இடத்தின் பெயராகக் கேட்கிறது. நீரியம் அந்தக் குழப்பம் இல்லாத சொல். பசுமையைச் சுருக்கி ‘பசுநீரியம்’ என்று ஒட்டிவிடலாமே என்றால், படிப்பவருக்கு மாடுதான் நினைவுக்கு வரும்! ‘பசுமை நீரியம்’ என்று பிரித்தே எழுதலாம். செய்தி எழுதுபவர்கள் ‘பசுமை ஹைட்ரஜன்’ என்பதில் நின்றாலும் குற்றமில்லை. ‘பச்சை ஹைட்ரஜன்’ மட்டும் வேண்டாம். பச்சை என்றால் நிறம் முன்னால் வந்து நிற்கும். பச்சைக் காய்கறி என்பதுபோல ‘சமைக்காத’ என்ற பொருளும் கூடவே வரும். பசுமைக்குச் செழிப்பு, புதுமை என்ற பொருள்களும் உண்டு. தண்ணீரைப் பிரிக்கும் வேலைக்கு மின்னாற்பகுப்பு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இயந்திரத்தை மின்னாற்பகுப்பி எனலாம்.

பெயர்தான் புதிது, தொழில் பழையது. எகிப்தின் அஸ்வானிலும் பஞ்சாபின் நங்கலிலும் 1960களிலேயே அணை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனிலிருந்து உரம் தயாரித்தார்கள். மலிவான இயற்கை எரிவாயு பரவியதும் உலகில் அந்த வழி பெரும்பாலும் ஓரம் கட்டப்பட்டது.

இப்போது அது திரும்பி வரக் காரணம், சூரிய மின்சாரத்தின் விலை வீழ்ச்சி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதனால்தான் சிலியின் அட்டகாமா, நமீபியாவின் லூடரிட்ஸ் கடற்கரை, மொராக்கோ, குஜராத் என்று வெயிலும் காற்றும் மிகுந்த இடங்களை எல்லோரும் பார்க்கிறார்கள்.

வறண்ட நாட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு கிலோவுக்கு வேதிக்கணக்குப்படி 9 லிட்டர் போதும். ஆயிரம் லிட்டரில் சுமார் 110 கிலோ எடுக்கலாம். அதைப் பிரிக்க 5,500 யூனிட்டுக்கு மேல் செலவாகும். கடல்நீரிலிருந்து அந்த ஆயிரம் லிட்டர் நன்னீரை எடுக்க மூன்று, நான்கு யூனிட் போதும். ஆக, கடற்கரையில் தண்ணீர் பெரிய செலவே இல்லை. மிஞ்சும் உப்புக் கரைசலை எங்கே விடுவது என்பதுதான் அங்கே கேள்வி. உள்நாட்டுப் பாலைவனத்தில் நிலத்தடி நீரை எடுப்பதானால் கதை வேறு.

உண்மையான சுமை முதலீட்டில் இருக்கிறது. வெயிலை மட்டும் நம்பினால், விலை உயர்ந்த மின்னாற்பகுப்பி பொழுதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். வளரும் நாடுகளுக்குக் கடனும் கூடுதல் வட்டிக்குத்தான் கிடைக்கிறது. வெயிலால் மிச்சமாவதில் ஒரு பங்கு அதில் போய்விடும்.

ஏற்றுமதி செய்வதும் எளிதல்ல. ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அமோனியாவாக மாற்றினால் மைனஸ் 33 போதும். பல திட்டங்கள் அமோனியாவையே கப்பலேற்ற நினைப்பது அதனால்தான்.

சரி, எவ்வளவு தூய்மையாக இருந்தால் பசுமை? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 12 மாத சராசரியில் 2 கிலோ கரியமில வாயு அளவுக்குள் உமிழ்வு இருந்தால் பசுமை என்று இந்தியா 2023 ஆகஸ்டில் வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு சுமார் 3.4 கிலோ. எண்ணை மட்டும் பார்த்தால் நம் விதிதான் கடுமை. ஆனால் பகலில் மின்தொகுப்பில் (கிரிட்) ‘வரவு’ வைத்த சூரிய மின்சாரத்தை இரவில் எடுத்துக்கொள்வதை இந்திய வரையறை ஏற்கிறது. ஐரோப்பாவோ, 2030 முதல் மின்சாரம் உற்பத்தியான அதே மணி நேரத்திலேயே பயன்பட வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால், குஜராத்தில் இரவில் தயாரான பசுமை ஹைட்ரஜன் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் பசுமையாகத் தேறாமல் போகலாம்.